கியூப் எங்கே படுத்திருந்தது?

பரிசோதனைக் கூடத்தின் கவுன்ட்டரில் யார் கான்கிரீட் கட்டையைக் கொண்டுவந்து இறக்கினாலும் கியூப் அக்கா கேட்கும் முதல் கேள்வி ஒன்றுதான்.

"இது எங்க படுத்திருந்துச்சு?"

லாரி டிரைவர்கள் சிரிப்பார்கள். "லாரிலதான்க்கா படுத்திருந்துச்சு. வழியெல்லாம் நல்ல தூக்கம்" என்று ஒருவர் சொன்னார். அக்கா சிரிக்கவில்லை. "சூடு தண்ணித் தொட்டியிலயா, ஸ்லாப் மேலயா? கேட்டுட்டு வந்து சொல்லு. அதுவரைக்கும் மெஷின்ல ஏத்த மாட்டேன்" என்று பேனாவை மூடி வைத்துவிட்டார். டிரைவர் வெளியே போய் அரை மணி நேரம் ஃபோனில் கத்திவிட்டுத்தான் திரும்பி வந்தார்.

கிறுக்கு என்று சொல்பவர்கள் உண்டு. சொல்லட்டும். அந்த ஒரு கேள்வியைக் கேட்க வேண்டியவர் கேட்காததால் ஒரு மனிதர் செத்தார். அதைவிட மோசம், கேட்ட அக்காவை வாயை மூடச் சொன்னார்கள்.

அப்போது அக்கா மூன்றாவது வருடமாக ஒரு பள்ளிக்கூடக் கட்டட வேலையில் இருந்தார். குளிர்காலம் வந்தால் மூன்று மாதம் வெயில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும் மேட்டு நிலம் அது. வேலையிடத்தின் ஓரத்தில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே கட்டை உடைக்கும் மெஷின், ஒரு நீளத் தொட்டி, தொட்டித் தண்ணீரைச் சூடாக்க ஒரு ராடு, மிதக்கும் தெர்மாமீட்டர் ஒன்று. பாலிடெக்னிக்கில் இரண்டு வருடம் படித்து, அப்பா படுக்கையில் விழுந்ததும் மூன்றாம் வருடத்தைக் கைவிட்டவர் அக்கா. அங்கே சென்ட்ரிங் மேஸ்திரியாக இருந்த அவருடைய அண்ணன்தான் சொல்லிவைத்து அந்த வேலையை வாங்கிக் கொடுத்தார்.

வேலை என்னவோ எளிதாகத்தான் தெரியும். மேலே கூரை ஸ்லாபுக்குக் கான்கிரீட் போடும்போது அதே கலவையை இரும்பு அச்சுகளில் நிரப்ப வேண்டும். மறுநாள் அச்சைக் கழற்றினால் பதினைந்து சென்டிமீட்டர் கனசதுரக் கட்டை வரும். எட்டு கிலோ எடை. அதன் பெயர்தான் கியூப். பெயின்ட்டால் தேதி எழுதித் தொட்டியில் போட வேண்டும். ஏழாம் நாள் மூன்றை எடுத்து மெஷினில் நசுக்க வேண்டும். ஊசி எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் அந்தக் கான்கிரீட்டின் பலம். ஊசி 394ஐத் தாண்டினால் தேறியது என்று அர்த்தம். அக்கா தாளில் எண்ணை எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதன் பிறகு அண்ணனும் அவர் ஆட்களும் ஸ்லாபுக்கு அடியில் நிற்கும் முட்டுகளையும் பலகைகளையும் பிரிப்பார்கள். சென்ட்ரிங் பிரிப்பது என்றால், அதுவரை பிடித்துக்கொண்டிருந்த கையை விடுவது. அதன் பிறகு ஸ்லாப் தன் சொந்தக் காலில் நிற்க வேண்டும்.

அந்த இடத்துக்குப் பொறுப்பான சைட் இன்ஜினியருக்கு ஆட்கள் வைத்த பெயர் 'தேதி சார்'. வாயைத் திறந்தால் தேதிதான் வரும். இந்தத் தேதிக்குள் பூச்சு, அந்தத் தேதிக்குள் தரை, பெரிய தேதியில் திறப்பு விழா. திறப்பு விழாக் கல்வெட்டைத் தேதியோடு செதுக்கி முடித்து, சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். மூன்றாவது மாடிக்கு இன்னும் கூரையே இல்லை.

அந்தக் கூரை ஸ்லாபைப் போட்ட வாரம் நல்ல குளிர். கொட்டகைக்கு வெளியே அக்கா தினமும் காலையில் இன்னொரு தெர்மாமீட்டரைப் பார்ப்பார். மூன்று, நான்கு, மூன்று. மத்தியானம் ஏழு. அச்சிட்ட படிவத்தில் தொட்டியின் சூட்டை எழுத மட்டுமே கட்டம் உண்டு. அது எப்போதும் இருபத்தேழு. வெளியே உள்ள குளிரை எழுத இடமில்லை. அக்கா அதை ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தார். யாரும் சொல்லவில்லை. எழுதாமல் விட அவருக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் நாள் கியூபை நசுக்கினார். ஊசி 436ல் நின்றது. 'டப்' என்று வெடித்து, இடுப்பு சிறுத்த உடுக்கை போல உடைந்தது. நல்ல கட்டை அப்படித்தான் உடையும். தாளை எடுத்துக்கொண்டு அவரே தேதி சாரிடம் போனார்.

"சார், ஒரு சந்தேகம். இந்தக் கட்ட ஏழு நாளா இருபத்தேழு டிகிரில சொகமா குளிச்சுக்கிட்டு இருந்துச்சு. மேல ஸ்லாப் நாலு டிகிரில நடுங்கிக்கிட்டு கெடக்கு. இதப் பாத்து அதுக்கு எப்படி சார் மார்க் போடுறது?"

தேதி சார் மேசையிலிருந்த தடிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டி ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். "படி. கியூப எங்க வெக்கணும்னு போட்டிருக்கு? தொட்டியில. எத்தன டிகிரி? இருபத்தேழு. நீ என்ன பண்ணின? அதையேதான். அப்புறம் என்ன?"

"இல்ல சார், மேல..."

"நீ இந்தப் புத்தகம் எழுதுனவங்கள விட பெரிய ஆளா? கையெழுத்து போடும்மா. நாளைக்கு சென்ட்ரிங் பிரிக்கணும். தேதி போயிக்கிட்டு இருக்கு."

அக்கா கையெழுத்துப் போட்டார். அவர் எழுதிய எண்ணில் பொய் இல்லை. ஊசி 436ல்தான் நின்றது. பொய் அந்த எண்ணை எடுத்துக்கொண்டு போய் வைத்த இடத்தில் இருந்தது.

மறுநாள் காலை, பிரிக்கும் முன் அண்ணன் சுத்தியலால் ஸ்லாபின் அடியில் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "சத்தம் அமுங்கலா கேக்குதே சார். இன்னும் ஒரு வாரம் விடுவமா?"

"கல்லு மாதிரி இருக்குய்யா! இந்தா ரிசல்ட். ஒன் தங்கச்சி கையெழுத்துதான, தெரியலயா?"

அண்ணன் தாளைப் பார்த்தார். "தங்கச்சி போட்டிருந்தா சரிதான்" என்றார். திரும்பி, "பிரிங்கடா" என்றார்.

அவருடைய ஆட்களில் மூத்தவரைப் 'பாட்டுக்காரர்' என்பார்கள். ஆணி பிடுங்கும்போதெல்லாம் எதையாவது பாடிக்கொண்டே இருப்பார். ஒரு பாட்டிலும் இரண்டு வரிக்கு மேல் தெரியாது. அன்றும் அந்த இரண்டு வரி ஓடிக்கொண்டிருந்தது. கைப்பிடிச் சுவர் கட்டுவதற்காக ஸ்லாபின் மேல் செங்கல்லை அடுக்கி ஏற்றியிருந்தார்கள். பாதி முட்டுகளை எடுத்தபோது நடுவில் ஒரு கோடு ஓடியது. அடுத்த நொடி கூரை, செங்கல் எல்லாம் ஒன்றாக வந்து விழுந்தன. பாட்டுக்காரரை வெளியே எடுக்கவே மத்தியானம் ஆகிவிட்டது. அண்ணனின் வலது கால் ஒரு முட்டுக்கு அடியில் மாட்டி, முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது.

அன்று மாலையே பேச்சு ஆரம்பித்தது. நேரம் சரியில்லை என்றார்கள். விதி என்றார்கள். போகிற உயிர் போகத்தானே செய்யும் என்று, உயிர் போகாத ஒருவர் சொன்னார். ஒரு மனிதனைக் கொன்றுவிட்டு விதியைக் கை காட்டுவது எவ்வளவு வசதி! அதற்குச் சம்மன் அனுப்ப முடியாது.

கம்பெனியின் வக்கீலுக்கு விதி போதவில்லை. விசாரணைக்கு ஒரு ஆள் வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தது இப்படி: கான்கிரீட் நல்ல பலத்தோடு இருந்தது, இதோ பரிசோதனைத் தாள். நல்ல ஸ்லாப் தானாக விழாது. ஆகவே மேஸ்திரி முட்டுகளை வரிசை தப்பி, அவசரமாக எடுத்திருக்கிறார். சாவுக்கு அவரே பொறுப்பு.

அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். காலில் கட்டு, வாசலில் ஸ்டூல் போட்டு ஒரு போலீஸ்காரர். டிஸ்சார்ஜ் ஆனால் நேரே ஜெயில். அண்ணி அக்காவை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே பிடித்துக்கொண்டார்.

"ஒன் கையெழுத்துதான் அவரு கழுத்துல கெடக்கு, தெரியுமா? நம்பர் நல்ல நம்பராம். அப்ப அவருதான் கொலகாரராம்."

"அண்ணி, அந்த நம்பர் அந்த ஸ்லாபோட நம்பரே இல்ல."

"அப்ப எதுக்கு போட்ட?"

அக்கா உள்ளே போனார். அண்ணன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"அண்ணே, நீ தட்டிப் பாத்து சந்தேகப்பட்டியாமே."

"சந்தேகப்பட்டேன். ஒன் பேரப் பாத்துட்டு விட்டுட்டேன்."

குற்றம் சாட்டும் குரல் அல்ல அது. அக்காவுக்கு அறை வாங்கியது போல இருந்தது. அழுகை வரும் என்று நினைத்தாராம், கோபம்தான் வந்தது. முதலில் தன்மீது, பிறகு அந்தத் தடிப் புத்தகத்தின் மீது. மறுநாள் கொட்டகைக்குப் போகவில்லை. தேதி சார் இல்லாத நேரம் பார்த்து அவருடைய மேசைக்குப் போய், அவர் விரல் வைத்த பக்கத்தைத் தேடி எடுத்தார். தொட்டி, இருபத்தேழு டிகிரி, எல்லாம் இருந்தது. கலவை சரியாகச் சேர்ந்திருக்கிறதா என்று பார்க்க அந்தக் கியூப்.

அடுத்த பக்கத்தைத் திருப்பினார். சென்ட்ரிங் பிரிக்கலாமா என்று முடிவு செய்ய வேண்டுமானால், கியூபை அந்த ஸ்லாபின் பக்கத்திலேயே, அதே குளிரில், அதே காற்றில் வைத்திருக்க வேண்டும் என்று இருந்தது. கறுப்பு மையில், தெளிவாக. பக்கத்தின் ஓரத்தில் யாரோ பேனாவால் கோடு கூடப் போட்டிருந்தார்கள். தேதி சாரின் பச்சை மை.

தெரியாமல் செய்தவர் மீது இவ்வளவு கோபம் வராது. அவர் படித்திருந்தார். படித்து, கோடு போட்டு, அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் வைத்திருந்தார்.

விசாரணை அதிகாரி ஒரு பெண்மணி. குறுக்கே பேசினால் பிடிக்காது, ஆனால் கேட்பவர். அக்கா புத்தகத்தோடு அவர் முன் போய் நின்றார். வக்கீலும் தேதி சாரும் இருந்தார்கள்.

"மேடம், ஃபிரிட்ஜ்ல வச்ச பால் ஏன் மூணு நாள் இருக்கு? வெளிய வச்ச பால் ஏன் ஒரே நாள்ல திரியுது? ரெண்டும் ஒரே பாக்கெட்டு பால்தான்."

வக்கீல் சிரித்தார். "இங்க பால் வியாபாரமா நடக்குது?"

"சிமென்ட்டும் அப்படித்தான் சார். அது காஞ்சு இறுகுறதில்ல. தண்ணியோட சேந்து ஒரு வேல நடக்குது உள்ள. அந்த வேலைய ஆரம்பிக்க ஒவ்வொரு துளிக்கும் ஒரு படி ஏறணும். சூடு இருந்தா நெறைய துளி ஏறும். குளிர்ல ஒண்ணு ரெண்டுதான் ஏறும். பத்து டிகிரி கொறஞ்சா வேகம் கிட்டத்தட்ட பாதியாயிடும். இன்னொரு பத்து கொறஞ்சா அதுலயும் பாதி. இருபத்தேழுக்கும் நாலுக்கும் நடுவுல எத்தன பாதின்னு நீங்களே போட்டுப் பாருங்க. என் தொட்டியில ஏழு நாள் ஆனப்ப மேல ஸ்லாபுக்கு ரெண்டு நாள் கூட ஆகல. காலண்டர்லதான் ஏழு நாள்."

"ஸ்லாபத் தொட்டுப் பாத்தேன், கல்லு மாதிரி இருந்துச்சு" என்றார் தேதி சார்.

"குளிருல மேல வெறச்சுப் போயிருந்துச்சு சார். வெறச்சதுக்கும் இறுகுனதுக்கும் வித்தியாசம் தெரியாதா ஒங்களுக்கு? அடியில தட்டிப் பாத்த எங்க அண்ணனுக்கு தெரிஞ்சுது!"

அதிகாரி கையை உயர்த்தினார். "சொன்னா போதாது. காட்ட முடியுமா?"

"ஏழு நாள் குடுங்க மேடம். குளிர் இன்னும் போகல."

அதே கலவையில், அதிகாரியின் உதவியாளர் பார்க்க, ஆறு கியூப் போட்டார்கள். எல்லாவற்றிலும் அரக்கு முத்திரை. மூன்று தொட்டிக்குள், மூன்று மாடியில், இடிந்த ஸ்லாபின் மிச்சத்தின் மேல். அந்த ஏழு நாளும் அக்கா இரண்டு தெர்மாமீட்டரையும் பார்த்து எழுதினார். உதவியாளரும் எழுதினார். வெயில் அடித்துவிடுமோ என்றுதான் அக்காவுக்குப் பயம். வெயில் வந்தால் அண்ணன் ஜெயிலுக்குப் போவார். ஊரே வெயிலுக்கு ஏங்கிக்கொண்டிருந்தது. இவர் மட்டும் தினமும் காலையில் மேகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

ஏழாம் நாள் கொட்டகையில் நிற்க இடமில்லை. தொட்டிக் கியூப் மூன்றும் 'டப்', 'டப்' என்று வெடித்தன. 431, 440, 428. வக்கீல் தலையை ஆட்டினார். பிறகு மாடியிலிருந்து இறக்கிய முதல் கியூபை மெஷினில் வைத்தார் அக்கா. ஊசி ஏறியது, தயங்கியது, 193ல் நின்றது. சத்தமே வரவில்லை. ஓரங்கள் ஈர ரஸ்க் போல நொறுங்கித் தட்டில் கொட்டின. அடுத்தது 188. அடுத்தது 197.

அக்கா தட்டில் கிடந்த தூளை அள்ளி, தேதி சாரின் உள்ளங்கையில் வைத்தார்.

"இதுக்கு மேலதான் சார் செங்கல் ஏத்துனீங்க. இதுக்குக் கீழதான் பாட்டுக்காரர நிக்க வச்சீங்க."

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் வக்கீல்களைப் பார்த்ததில்லை. இரண்டு நாளில் ஒரு சமாதானம் தயாராகி வந்தது. மேஸ்திரிமீது தவறில்லை என்று கம்பெனியே ஒப்புக்கொள்ளும். வழக்கு போய்விடும், அண்ணன் அன்றே வீட்டுக்குப் போகலாம். பதிலுக்கு அக்காவின் வாக்குமூலத்தில் ஒரே ஒரு வரி: 'எதிர்பாராத, அசாதாரணமான குளிரே விபத்துக்குக் காரணம்.'

"ஒரு வார்த்தைதான்மா" என்றார் வக்கீல். "ஒங்க அண்ணன் வெளிய வர்றாரு. யாருக்கும் நஷ்டமில்ல."

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போய் அண்ணனிடம் தாளைக் காட்டினார். அண்ணி படிக்கக் கூடக் காத்திருக்கவில்லை. "போட்டுக் குடு, மகராசி. மனுஷன் வீட்டுக்கு வரட்டும்."

அண்ணன் மெதுவாகப் படித்தார். "அப்ப பாட்டுக்காரர கொன்னது குளிரா?"

"அப்படித்தான் எழுதியிருக்கு."

"குளிரு வருஷா வருஷம் வருதே. புதுசா வந்த விருந்தாளியா அது?" தாளைத் திருப்பிக் கொடுத்தார். "போன தடவ ஒருத்தர் சொன்னாருன்னு போட்ட. இந்தத் தடவ ஒனக்குத் தெரிஞ்சத போடு. நான் இன்னும் பத்து நாள் படுத்துக்கிறேன். காலு எங்க ஓடப் போகுது?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "பாட்டுக்காரர் பொண்டாட்டி மொகத்துல நானும் முழிக்கணும்ல" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் அக்கா மூன்று குளிர்காலத்துப் பதிவேடுகளைச் சுமந்துகொண்டு போனார். ஓரத்தில் பென்சிலால் எழுதிய எண்கள்: மூன்று, நான்கு, இரண்டு, ஐந்து. மூன்று வருடமும் அதே மாதம், அதே குளிர். அதிகாரியின் முன்னால் 'எதிர்பாராத, அசாதாரணமான' என்ற இரண்டு சொல்லையும் பேனாவால் அடித்தார். மேலே, 'ஒவ்வொரு வருடமும் வரும், எல்லோருக்கும் தெரிந்த, புத்தகத்திலும் உள்ள' என்று எழுதினார். பக்க எண்ணையும், அதிலிருக்கும் பச்சைக் கோட்டையும் குறிப்பிட்டார். அதன் பிறகு கையெழுத்துப் போட்டார்.

வக்கீல் எழுந்தே விட்டார். "இப்படி எல்லாம் அடிச்சுத் திருத்தக் கூடாது மேடம்!"

"அவங்க வாக்குமூலம்தானே? அவங்க திருத்தலாம்" என்றார் அதிகாரி.

அண்ணன் பத்து நாள் அல்ல, இருபத்தாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தார், ஊன்றுகோலோடு. இனி அவர் ஏணி ஏற முடியாது. பாட்டுக்காரரின் வீட்டுக்கு இழப்பீடு கொடுக்கச் சொல்லி அறிக்கை சொன்னது. தேதி சார்மீது நடவடிக்கைக்கும் பரிந்துரைத்தது. நடவடிக்கை என்ன தெரியுமா? ஒரு வருடம் சஸ்பென்ஷன். பிறகு வேறு ஊர், அதே கம்பெனி, அதே நாற்காலி. ஒரு உயிருக்கு ஒரு வருட ஓய்வு! அக்காவை மட்டும் வாக்குமூலம் கொடுத்த வாரமே வேலையை விட்டு நிறுத்தினார்கள். காரணம்: அனுமதியின்றிப் புத்தகத்தை எடுத்தது.

இப்போது அவர் இந்தப் பொதுப் பரிசோதனைக் கூடத்தில் இருக்கிறார். போன மாதம், குளிர் உச்சத்தில் இருந்தபோது, ஒரு டிரைவர் மூன்று கியூபைக் கொண்டுவந்து இறக்கினார். சீட்டில் அந்தக் கம்பெனியின் பெயர். கீழே பச்சை மையில் ஒரு கையெழுத்து.

"எங்க படுத்திருந்துச்சு?"

"ஸ்லாப் மேலதான்க்கா. சார் அப்படித்தான் சொல்லச் சொன்னாரு."

அக்கா கியூபின் மேல் உள்ளங்கையை வைத்தார். வெளியே ஜன்னல் கண்ணாடியில் பனி வழிந்துகொண்டிருந்தது. கட்டை வெதுவெதுப்பாக இருந்தது. ஈரம் இன்னும் காயவில்லை.

"தம்பி, இதுக்கு ஜுரமா?"

டிரைவர் தலையைச் சொறிந்தார்.

அக்கா மூன்றையும் நசுக்கினார். ஊசி நல்ல எண்ணில்தான் நின்றது. எண்ணை எழுதினார். அதற்குக் கீழே சிவப்பு மையில், தாளின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை எழுதினார்: 'இவை சூட்டுத் தொட்டியில் இருந்தவை. இதை வைத்து ஸ்லாபுக்கு அடியில் ஒரு முட்டுகூட எடுக்கக் கூடாது.' நகல் ஒன்றை அந்த விசாரணை அதிகாரியின் அலுவலகத்துக்கு அனுப்ப உறையில் போட்டு ஒட்டினார்.

"சாருகிட்ட சொல்லு. இன்னைக்கு யாரும் அந்த ஸ்லாபுக்கு அடியில போகக் கூடாது. நான் நேர்ல வந்து பாப்பேன்னும் சொல்லு."

டிரைவர் போன பிறகு அக்கா கூடத்தைப் பூட்டினார், ஸ்வெட்டரின் மேல் இன்னொரு ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டார், தெர்மாமீட்டரைப் பைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார்.